முதல் குடத்துக்கு ஒரு ஒளிச் சோதனை

வடசென்னைக்குக் குடிநீர் அனுப்பும் பொறியாளர்களுக்கும் நீர்ப் பரிசோதனைக் கூடங்களில் வேலை செய்கிறவர்களுக்கும் வணக்கம்.

பழைய வண்ணாரப்பேட்டையில் குடியிருக்கிறேன். பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். தண்ணீர் வந்ததும் பக்கத்து வீட்டு ஆயா குரல் கொடுப்பார்: “மொதக் கொடத்த ஊத்திடு, ரெண்டாவத மோந்து பாத்துட்டுப் புடி.” போன மழைக்காலத்தில் அவர் மூக்கே ஏமாந்துவிட்டது. எங்கள் வீட்டு இணைப்புக் குழாய் துருப்பிடித்துச் சாக்கடை ஓரமாக ஓட்டையாகியிருந்தது. தண்ணீரில் கலங்கலும் இல்லை, வாடையும் இல்லை. சந்தேகப்பட்டுச் சோதனைக்குக் கொடுத்தோம். கிருமியை வளர்த்து எண்ண ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். முடிவு வருவதற்குள் மாடி வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கும் வயிற்றுப்போக்கு. யார்மேலும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த ஒரு நாள் காத்திருப்பைக் குறைக்க வழி இருக்கிறது.

மலத்திலிருந்து தண்ணீரில் கலக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியா 100 மில்லியில் ஒன்றுகூடத் தென்படக் கூடாது என்கிறது குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500. அதற்கு வளர்ப்புச் சோதனைதான் சாட்சி; அது தொடரட்டும். அதற்கு முன்னால் ஒளியை ஒரு சல்லடையாக வையுங்கள் என்று கேட்கிறேன்.

தண்ணீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருள்களில் சில, புற ஊதா ஒளி பட்டால் வேறொரு அலைநீளத்தில் ஒளிரும். கடையில் கள்ள நோட்டுப் பார்க்கும் விளக்கில் வெளுத்த வேட்டி நீலமாக மின்னுகிறதே, அதே உடனொளிர்வுதான். இலை தழை மட்கிக் கரைந்த பொருள் 400 நானோமீட்டருக்கு மேல் ஒளிரும். டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் சுமார் 280-இல் ஒளியை வாங்கி, சுமார் 350-இல் திருப்பித் தரும். மலத்திலும் கழிவுநீரிலும் பாக்டீரியாவிலும் அது உண்டு. 350 நம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே நோட்டு விளக்கில் தண்ணீரைக் காட்டி யாரும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. கையில் பிடிக்கிற உணரிகள் இருக்கின்றன; சில நொடிகளில் எண் சொல்லிவிடும்.

நம் பகுதிக்கு இதில் ஒரு வசதி உண்டு. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை 2010-இல் தொடங்கினார்கள். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அதன் திறன். சவ்வு வழியாக வடிந்த அந்த நீரில் கரிமப் பொருள் மிகக் குறைவு. அந்த நீர் மட்டும் ஓடும் குழாயில் டிரிப்டோஃபான் ஒளி திடீரென ஏறினால், வழியில் ஏதோ நுழைந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். புழல் ஏரி நீரில் அப்படி முடிவு கட்ட முடியாது. மட்கின் ஒளியும் டிரிப்டோஃபான் ஒளியும் ஒன்றின்மேல் ஒன்று படியும். மழைக்குப் பின் எல்லாமே உயரும். எந்தத் தெருவுக்கு எந்த நீர் என்று தெரியாமல் எண்ணைப் படித்தால் வீண் பீதிதான் மிஞ்சும்.

குறைகளும் உண்டு. கலங்கல் ஒளியை மறைக்கும். தண்ணீர் சூடாக இருந்தால் ஒளிர்வு குறையும். சித்திரை வெயிலில் கொதிக்கும் மாடித் தொட்டி நீரை வெப்பத்துக்குத் திருத்தித்தான் படிக்க வேண்டும். கிருமியைக் கொல்லச் சேர்க்கும் குளோரினும் ஒளியைக் குறைக்கும். அதனால் எஞ்சிய குளோரினையும் பக்கத்தில் குறித்தாக வேண்டும். குளோரின் காணாமல் போய், ஒளி ஏறியிருந்தால் அந்த மாதிரியை முதலில் வளர்ப்புக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை காய்ச்சிக் குடிக்கச் சொல்லித் தெருவுக்குத் தகவல் கொடுங்கள்.

எப்போது அளப்பது என்பதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. விட்டுவிட்டு வருகிற தண்ணீர் இது. குழாய் காலியாக இருக்கும் நேரத்தில் அழுத்தம் இறங்கி, வெளியே தேங்கிய நீர் விரிசல் வழியே உள்ளே போகலாம். அடுத்த முறை தண்ணீர் விடும்போது அது முதல் குடத்தோடு வந்துவிடும். ஒரு மணி நேரம் கழித்து மாதிரி எடுத்தால் சீசாவில் நல்ல தண்ணீர்தான் இருக்கும். முதல் ஐந்து நிமிடத்தை அளவிடுங்கள்.

ஒரு மழைக்காலம், ஒரு கோடைக்காலம், சில தெருக்கள், இரண்டு மூன்று உணரிகள். தொடங்க இவ்வளவு போதும். எண்களை எழுதி வைக்க எங்கள் தெருப் பெண்கள் தயார். எப்படி என்று நான் சொல்லிக்கொடுக்கிறேன். தண்ணீர் வரும் நாளில் ஒருமுறை வாருங்கள். ஆயா ஊற்றிவிடச் சொல்கிற அந்த முதல் குடத்தை உங்களுக்காக எடுத்து வைக்கிறோம்.