கழுவின தண்ணீர்

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு போனில் நீ அழுத சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஷிப்ட் முடிந்து கருவிகளை எண்ணும்போது ஒரு ஸ்பேனர் குறைந்தது, நீயே போய்ச் சொன்னது, விமானம் நான்கு மணி நேரம் நின்றது, கடைசியில் அது வேறொருவர் பெட்டியில் கிடைத்தது எல்லாம் சொன்னாய். அதிகாரி எல்லோர் முன்னும் திட்டியதை மட்டும் இரண்டு முறை சொன்னாய். எனக்குப் போனில் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

ஸ்டெபானிஷின்-பைப்பர் என்ற விண்வெளி வீராங்கனை 2008 நவம்பர் 18 அன்று விண்வெளி நிலையத்துக்கு வெளியே கிரீஸ் போடப் போயிருந்தார். ஆம், நம் டிப்போ வேலையேதான்! பைக்குள் கிரீஸ் துப்பாக்கி ஒழுகி எல்லாவற்றிலும் அப்பிவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, கட்டாமல் விட்டிருந்த பை மெல்ல நழுவி மிதந்து போய்விட்டது. ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர். உடன் வந்தவரின் கருவியை வாங்கி வேலையை முடித்தார். அதே பயணத்தில் மறுபடியும் வெளியே போனார். அந்தப் பை மறு ஆகஸ்டில் எரிந்துபோனது; அதற்கு முன் அதைப் பூமியிலிருந்து தொலைநோக்கி வைத்துப் பார்த்தவர்கள்கூட உண்டு. உன் ஸ்பேனர் பரவாயில்லை.

பிராங்க் ரூபியோ என்ற விண்வெளி வீரர் ஒரே பயணத்தில் 371 நாள் விண்வெளியில் தங்கினார்; அமெரிக்கர்களில் அதுதான் சாதனை. ஆனாலும் அவர் அங்கே வளர்த்த செடியில் பறித்துத் தொலைத்த தக்காளியைத்தான் எல்லோரும் கேட்டார்கள், தின்றுவிட்டார் என்று கேலி செய்தார்கள். அவர் ஊர் திரும்பியபின் அது நிலையத்திலேயே காய்ந்து கிடந்தது.

நான் சொல்ல வந்தது இத்தாலிய விண்வெளி வீரர் லூகா பார்மிட்டானோவைப் பற்றி. 2013 ஜூலை 9 அன்று வெளியே வேலை முடித்து உள்ளே வந்தபோது அவருடைய தலைக்கவசத்துக்குள் தண்ணீர் இருந்தது. குடிக்கும் பை ஒழுகியிருக்கும் என்று முடிவுகட்டினார்கள். ஒரே வாரத்தில் அதே உடையோடு மறுபடி அனுப்பினார்கள். 44ஆவது நிமிடத்தில் பிடரியில் ஈரம் என்றார். அங்கே தண்ணீர் கீழே வழியாது; தோலோடு ஒட்டிக்கொண்டு ஊரும். ஊர்ந்து வந்து காதை அடைத்தது, கண்ணை மறைத்தது, மூக்குக்குள் ஏறியது. சூரியனும் மறைந்துவிட்டது. இடுப்புக் கயிறு இழுக்கும் திசையை வைத்தே வழி கண்டு கதவுக்கு வந்து சேர்ந்தார். ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீர். உடையைக் குளிர்விக்கிற தண்ணீர் அது. நீரைப் பிரிக்கும் பாகத்தின் துளைகள் அடைபட்டதால் காற்றுக்குழாய் வழியே தலைக்கு ஏறியிருக்கிறது. குடிக்கும் பை ஒழுகுவது சகஜம் என்று எல்லோருக்கும் பழகிப்போயிருந்ததையும் விசாரணை அறிக்கையில் எழுதினார்கள்.

அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் உன் அம்மாவுக்கும் தெரியாது. நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு பஸ்ஸின் பின் பிரேக் டிரம்மில் ஈரம் கண்டேன். வண்டியை அப்போதுதான் கழுவியிருந்தார்கள். விரலால் தொட்டு முகர்ந்திருந்தாலே தெரிந்திருக்கும். கழுவின தண்ணீர் என்று கையெழுத்துப் போட்டேன். அது ஆக்சில் ஆயில். மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல், ஓட்டுநர் ஓரத்து மண்மேட்டில் ஏற்றி வண்டியை நிறுத்தியிருக்கிறார். யாருக்கும் காயமில்லை. ஆயிலைத் தடுக்கும் சீல், வண்டி போகும் வழியில்தான் கிழிந்தது என்று எழுதிக்கொடுத்தேன். நம்பினார்கள். அந்த ஓட்டுநர் பிறகும் என்னைப் பார்த்தால் டீ வாங்கிக்கொடுப்பார். குடிப்பேன்.

உனக்குத் திட்டு விழுந்தது. எனக்கு டீ கிடைத்தது.

அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பியிருக்கிறாள். மூடியை நான்தான் இறுக்கினேன். பார்சலில் எண்ணெய் தெரிந்தால் சொல்.

அப்பா