பித்தளை ஆணி, இரும்பு ஆணி

மார்த்தாண்டம்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. திருத்தணியில் பத்துப் பேர் கூடி மாதம் ஒரு புத்தகம் என்று உட்காரத் தொடங்கியிருப்பது பெரிய காரியம். நீ கேட்டது இரண்டு. அறிவியல் புனைவும் மிகுபுனைவும் (ஃபேன்டசி) வாசிக்கிறவர்கள் கையில் இப்போது என்ன புத்தகம் இருக்கிறது என்பது ஒன்று. உங்கள் ஆட்கள் 'டியூன்' நாவலை எண்பதாம் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டார்களே, ஏன் என்பது இன்னொன்று. இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். அது தெளிந்தால் முதலாவதில் பாதி தீர்ந்துவிடும்.

'டியூன்' ஃபிராங்க் ஹெர்பர்ட் எழுதி 1965 இல் வந்த நாவல். 2021, 2024 படங்களைப் பார்த்துவிட்டு அதைத் தேடி வருகிறவர்கள் இன்னும் குறையவில்லை. தடுக்கி விழுகிற இடமும் எல்லோருக்கும் ஒன்றுதான். புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு ஒன்று இருக்கிறது. புரியாத சொல் வரும்போதெல்லாம் அங்கே போய்ப் பார்க்கிறார்கள். சோற்றில் கல் கடிபடும்போதெல்லாம் எழுந்துபோய்க் கை கழுவினால் சாப்பிட்ட மாதிரி இருக்குமா? கிண்டிலில் இன்னும் கஷ்டம். சொல்லைத் தொட்டால் அகராதி கைவிரிக்கும், ஏனென்றால் அது ஹெர்பர்ட் உண்டாக்கிய சொல். அரைத்தாளில் ஆறே சொற்களை எழுதி அட்டையின் உள்பக்கம் ஒட்டிக்கொடு: அட்ரெய்டஸ், ஹார்கோன்னன் (இரண்டும் பகைக் குடும்பங்கள்), ஃப்ரெமன் (பாலை மக்கள்), மெலாஞ்ச் (எல்லோரும் அடித்துக்கொள்ளும் மசாலா), பெனே கெஸரிட் (பெண்களின் ரகசிய சபை), மென்டாட் (கணினி தடைசெய்யப்பட்ட உலகத்தில் கணினியின் வேலையைச் செய்யும் மனிதன்). மற்றதெல்லாம் போகப்போகத் தானே விளங்கும்.

இன்னொரு காரணம் இருக்கிறது, அதுதான் பெரியது. துரோகி யார் என்பதை ஹெர்பர்ட் இரண்டாவது அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறார். மர்மக்கதை எதிர்பார்த்தவனுக்கு அங்கே காற்று இறங்கிவிடுகிறது. உங்கள் பக்கத்து ஆட்களிடம் தெருக்கூத்தை நினைவுபடுத்து. அபிமன்யு சாகப்போகிறான் என்று தெரிந்தேதானே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள்? என்ன நடக்கும் என்பதற்காக வாசிக்கிற புத்தகம் இல்லை இது. நடக்கப்போவது தெரிந்தும் எப்படி அதற்குள் நடந்து போகிறார்கள் என்பதற்காக வாசிப்பது. நாவல் மூன்று பாகம். ஒரே கூட்டத்தில் முடிக்காமல் மூன்று கூட்டமாக வை. முதல் பாகம்தான் நீளம், அதற்கு ஒரு வாரம் கூடுதலாகக் கொடு. பிறகு 1969 இல் வந்த 'டியூன் மெசையா' மெலிந்த புத்தகம். அதோடு நிறுத்தலாம். முதல் நாவலில் நாயகனாக ஏற்றிவைத்தவனை ஹெர்பர்ட் இறக்கிக் காட்டுவது அதில்தான். அதை வாசிக்காதவர்கள் முதல் புத்தகத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு அலைகிறார்கள்.

லியூ சிஷினின் 'த்ரீ பாடி பிராப்ளம்' 2024 நெட்ஃபிளிக்ஸ் தொடருக்குப் பிறகு மறுபடி எல்லோர் கையிலும். சீனத்தில் 2006 இல் பத்திரிகைத் தொடராக வந்தது, 2008 இல் புத்தகம், 2014 இல் கென் லியூவின் ஆங்கில மொழிபெயர்ப்பு, 2015 இல் அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் தரப்படும் ஹியூகோ விருது. மொழிபெயர்ப்பு நாவலுக்கு அந்த விருது போனது அதுவே முதல் முறை. கலாசாரப் புரட்சிக் கால அத்தியாயங்கள் சீனப் புத்தகத்தில் நடுவில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. லியூ சிஷின் முதலில் எழுதிய வரிசைப்படி அவை ஆங்கிலத்தில் முன்னே வந்தன. அதனால் ஆங்கிலத்தில் வாசிக்கிறவன், மகள் கண்முன்னால் அப்பா அடித்துக் கொல்லப்படுவதைப் பார்த்த பிறகே விண்வெளிக்குள் போகிறான். நாவல் முழுக்க வரும் கோபத்துக்கு வேர் அங்கே. பெயர் குழப்பும் என்பார்கள். அந்த மகளின் பெயர் யே வென்ஜியே. அதில் 'யே' குடும்பப் பெயர், முன்னால் வரும். இனிஷியலை முன்னால் போடுகிற நமக்கு இதில் சிரமம் இருக்கக் கூடாது.

நடுவில் வரும் கணினி விளையாட்டு அத்தியாயங்களை இயற்பியல் படிக்காதவர்கள் தாண்டிவிடுகிறார்கள். தாண்ட விடாதே. மூன்று சூரியன்களின் இழுப்பில் தவிக்கும் அந்நியக் கோளில் வாழ்வது எப்படி என்பது அங்கேதான் சொல்லப்படுகிறது. சின் ஷி ஹுவாங் பேரரசர் மூன்று கோடிப் படைவீரர்களைக் கொடியோடு நிறுத்திக் கணினி செய்கிற இடம் வரும்போது, உன் கூட்டத்தில் மூன்று பேரை எழுப்பு. ஆளுக்கு ஒரு கறுப்புக் கொடி, ஒரு வெள்ளைக் கொடி. முதல் இருவரும் கறுப்பு காட்டினால் மட்டும் மூன்றாமவர் கறுப்பு தூக்க வேண்டும், மற்றபடி வெள்ளை. அது கணினிச் சுற்றின் அடிப்படைத் துண்டான 'அண்ட்' கேட். இருவரில் ஒருவர் கறுப்பு காட்டினாலே தூக்கலாம் என்று விதியை மாற்றினால் 'ஆர்' கேட். ஐந்து நிமிடத்தில் அந்த அத்தியாயம் கைக்கு வந்துவிடும். கூடவே ஒன்று சொல்லிவிடு. நாவலின் அந்த மூன்று சூரியன்கள் ஆல்ஃபா சென்டாரி என்னும் நட்சத்திரக் கூட்டம். நிஜத்தில் அங்கே இரண்டு நட்சத்திரங்கள் சுமார் 80 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. மூன்றாவதான பிராக்ஸிமா வெகுதூரத்தில் தனியே போகிறது. நாவலில் வருகிற தாறுமாறு அங்கே கிடையாது. கதைக்காக லியூ சிஷின் அவற்றை நெருக்கி வைத்தார்.

ஜெமிஸினின் 'ப்ரோக்கன் எர்த்' முத்தொகுதி 2016, 2017, 2018 என்று அடுத்தடுத்து மூன்று ஹியூகோ வாங்கியது. ஒரு பகுதி முழுக்க 'நீ' என்று வாசகரையே விளித்து நடக்கிறது. முதல் ஐம்பது பக்கம் அது உறுத்தும், பிறகு காரணம் தெரியும். முடித்தவர் யாரும் கூட்டத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவை. இந்தப் புத்தகத்தில் காதில் விழுந்த ஒரே வாக்கியம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு லெ குவினின் 'எர்த்ஸீ' வரிசையைக் கொடு. முதல் புத்தகம் 1968, கைக்கு அடங்குவது. 2001 இல் ஒரே ஆண்டில் இரண்டு வந்தன, அங்கேதான் வரிசை தவறுகிறது. 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ' முதலில், 'தி அதர் விண்ட்' பிறகு. மெய்ப்பெயர் தெரிந்தவனுக்கு அந்தப் பொருளின் மேல் அதிகாரம் என்பது அதன் மந்திரம். ராத்திரியில் பாம்பைப் பெயர் சொல்லாத, புருஷன் பெயரை நாவில் எடுக்காத பாட்டிகளிடம் வளர்ந்த பிள்ளைகளுக்கு விளக்கமே வேண்டாம்.

புதிதாக வந்தவற்றில் சமந்தா ஹார்வியின் 'ஆர்பிட்டல்' 2024 இல் புக்கர் பெற்றது. விண்நிலையத்தில் ஒரே நாள், 16 சூரிய உதயம். கதை கேட்கிறவனுக்கு ஏமாற்றம், வாக்கியம் ரசிக்கிறவனுக்கு விருந்து. 2025 ஹியூகோ பெற்ற 'தி டெய்ன்டட் கப்' துப்பறியும் கதை, ஆங்கில வாசிப்பு பழகாதவர்களும் முடித்துவிடுவார்கள். 'மர்டர்பாட்' வரிசையில் முதலாவது குறுநாவல்தான், இரண்டு மாலை போதும்.

நான் நிறையச் சொல்ல ஆசைப்படுவது இலங்கைக்காரர் வஜ்ர சந்திரசேகரவின் 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' பற்றி. 2023 இல் வந்து நெபுலா விருது பெற்ற நாவல். பிறந்த உடனே தாய் குழந்தையின் நிழலைப் பித்தளை ஆணியால் தரையில் அறைந்து பிய்த்து எடுத்துவிடுகிறாள். நிழல் போனதும் அவனுடைய கால் தரையில் பாவ மறுக்கிறது. மேல்நாட்டு வாசகனுக்கு இது விநோதக் கற்பனை. நமக்கு? நிழல் விழாது, கால் பாவாது என்றால் அது பேய் என்று குழந்தைக்கும் தெரியும். சந்திரசேகர பேயின் லட்சணத்தை நாயகனுக்குக் கொடுத்துவிட்டார். அதைப் பிடித்துக்கொண்டால் மொத்த நாவலும் வேறு மாதிரி திறக்கும். இதில் வாசகர் வழி தவறுவது கிராமத்திலிருந்து நகரத்துக்குப் போகிற இடத்தில். தகப்பனைக் கொல்ல வளர்க்கப்பட்ட பையன் கொலைக்குக் கிளம்புவான் என்று பார்த்தால், விதி கைவிட்ட ஆட்கள் கூடி மனம்விட்டுப் பேசுகிற கூட்டத்தில் போய் உட்காருகிறான். பாதை மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம், அதுதான் பாதை. புத்தர், அவர் மகன் ராகுலன் கதை தெரிந்தவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தால் அவரைப் பேசச் சொல்.

ஆணி என்றதும் எங்கள் பக்கத்து யட்சி நினைவுக்கு வருகிறாள். மலையாளக் கதையில் மந்திரம் தெரிந்த பாதிரியார் கடமற்றத்துக் கத்தனார் அவள் தலையில் இரும்பு ஆணி அடித்து அடக்குகிறார். 2025 இல் 'லோகா' என்ற மலையாளப் படம் யட்சியான கள்ளியங்காட்டு நீலியைப் பெங்களூரில் நடமாட விட்டதிலிருந்து, இங்கே மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர்கள் 'ஐதிஹ்யமாலை'யைத் தேடுகிறார்கள். கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 தொடங்கி எட்டுப் பாகமாகக் கொண்டுவந்த கேரளப் பழங்கதைத் தொகை. கள்ளியங்காடு நாகர்கோவிலை ஒட்டியது, வில்லுப்பாட்டில் நீலி நம்மவள். ஆனால் மக்கா, அவளுடைய பழைய வீடு உன் வாசலில் இருக்கிறது. திருவாலங்காட்டுப் பழையனூர் நீலி. மனைவி வேடத்தில் வந்து அவள் வணிகன் ஒருவனைப் பழிவாங்கிக் கொல்ல, அவன் உயிருக்குப் பொறுப்பேற்றுக் கொடுத்த வாக்குக்காக 70 வேளாளர்கள் தீப்பாய்ந்த கதை. ஞானசம்பந்தரின் ஆலங்காட்டுப் பதிகத்தில், வஞ்சத்தால் ஒருத்தி உயிர் குடித்த செய்தி வருகிறது. அதற்குப் பிறகு சமணர்கள் என்ன செய்தார்கள் பார்: பழையனூர்ப் பேயைத் துறவியால் மனம் மாற்றி, ஊர் ஊராகப் போய்ப் பௌத்தரை வாதில் வெல்கிற தத்துவக்காரி ஆக்கிவிட்டார்கள். அதுதான் 'நீலகேசி'. பேயை நாயகியாக்கிப் பழங்கதையைத் திருப்பி எழுதுகிற வேலை நமக்கு நேற்று வந்தது இல்லை. 1956 இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த ஊரில் நானும் 1960 இல் சேர்ந்த ஊரில் நீயும் இருக்கிறோம், இரண்டு எல்லையிலும் ஒரே நீலி. அடுத்த கூட்டத்தை இப்படி வை: முதல் ஒரு மணி நேரம் பழையனூர்க் கதை, வாய்மொழியாக, தாளைப் பார்க்காமல். அடுத்த ஒரு மணி நேரம் சந்திரசேகரவின் முதல் அத்தியாயம், சத்தமாக வாசித்து. இடையில் டீ. விவாதம் தானாக எழும்.

ஆங்கிலத்துக்குத் தயங்குகிறவர்களை வெளியே நிறுத்தாதே. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பு இரண்டும் முதல் மாதத்துக்குப் போதும். 'அரூ' இதழின் அறிவியல் சிறுகதைப் போட்டிக் கதைகள் இணையத்தில் கிடைக்கின்றன. பத்துப் பேருக்கும் ஆளுக்கு ஒரு கதை பிரித்துக் கொடுத்துச் சொல்லச் சொல். பிறகு டெட் சியாங்கின் 'ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்', 1998 இல் வந்த குறுநாவல், ஆங்கிலம் எளிது. மகளிடம் பேசுகிற தாய், இனி நடக்கப்போவதை நினைவுகூர்வதுபோல் சொல்லுவாள். அந்த வாக்கியங்களில் நான்கைத் தமிழில் பெயர்த்துக்கொண்டு வரச் சொல். 'நீ ஓடுவாய், அது எனக்கு நினைவிருக்கிறது' என்று எழுத வேண்டி வரும்போது, நம் வினைமுற்றுகளுக்குள் காலம் எப்படிப் பூட்டிக் கிடக்கிறது என்று தெரியும். கதையின் கருவும் அதுவே.

ஒரு சந்தேகம், நீதான் தீர்க்க வேண்டும். எங்கள் பக்கம் நீலி கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். பழையனூரில் அது கரிக்கட்டை என்றும் கேள்வி. அங்கே உள்ள பெரியவர்களிடம் எதுவென்று கேட்டு, அவர்கள் சொல்கிற சொல்லிலேயே எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்