அரேஞ்சர் பெயரையும் போடுங்கள்

பாட்டுச் செயலிகளை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். மாதாமாதம் பணம் கட்டி உங்கள் செயலிகளில் பாட்டுக் கேட்கிறவன் நான். போன வாரம் ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, 'அக்வாரெலா டோ பிரேசில்' என்ற பிரேசில் பாட்டின் 1939 ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு ஹெட்போனோடு உட்கார்ந்தேன். பாடகரின் குரலுக்கு அடியில் சாக்ஸபோன்கள் சேர்ந்து வெட்டி வெட்டி ஒரு தாளம் வாசிக்கும் பாருங்கள், அது வந்ததும் கால் தானாக ஆடும். விவரம் பார்க்கலாமென்று தொட்டால் பாடியவர் பிரான்சிஸ்கோ ஆல்வெஸ், இயற்றியவர் ஆரி பரோசோ, அவ்வளவுதான். எந்த வாத்தியம் எங்கே என்ன வாசிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பவர்தான் அரேஞ்சர். அந்தச் சாக்ஸபோன்களுக்கு அப்படி எழுதிக் கொடுத்த ரடமேஸ் ஞாட்டாலியின் பெயர் எங்கேயும் இல்லை.

அவர் யாரென்று சொல்கிறேன். 1906இல் பிரேசிலின் தெற்கே போர்ட்டோ அலெக்ரேயில் பிறந்தவர். இத்தாலியிலிருந்து குடியேறிய அப்பாவுக்கு இசையமைப்பாளர் வெர்டியின் ஓபெரா என்கிற பாட்டு நாடகங்கள் என்றால் உயிர், பிள்ளைகளுக்கு ரடமேஸ், எர்னானி, ஆய்டா என்றெல்லாம் ஓபெராப் பாத்திரங்களின் பெயரையே வைத்தார். ரடமேஸ் முறையாகப் பியானோ படித்து, 1929இல் ரியோ முனிசிபல் தியேட்டரில் சாய்கோவ்ஸ்கியின் முதல் பியானோ கான்செர்ட்டோவை, அதாவது பியானோவும் பெரிய இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பை, வாசித்தார். கச்சேரிப் பியானோக்காரராக வாழ்வதுதான் அவர் ஆசை. ஆனால் கையில் காசு இல்லை. எதிர்பார்த்த இசைக் கல்லூரி ஆசிரியர் வேலையும் கிடைக்காமல் போனது. அப்புறம் வயிற்றுப்பாட்டுக்காக ரெக்கார்டு கம்பெனிகளுக்கும் ரேடியோவுக்கும் வந்தார். 1936இல் ரேடியோ நேஷனல் என்ற ரியோ வானொலி நிலையம் தொடங்கியபோதே உள்ளே போனவர், சுமார் முப்பது வருஷம் அங்கேயே இருந்தார்.

அங்கே அவர் செய்த வேலையைத்தான் உங்கள் செயலிகள் கணக்கிலேயே எடுப்பதில்லை. அதுவரை பிரேசிலில் பாட்டுக்குப் பக்கபலம் பெரும்பாலும் கிட்டார், கவாகின்யோ என்ற குட்டி கிட்டார், புல்லாங்குழல் கொண்ட சின்னக் குழுதான். 1937இல் ஓர்லாண்டோ சில்வா பாடிய 'லாபியோஸ் கே பெய்ஜெய்' பாட்டுக்கு இவர் வயலின் கூட்டத்தையே கொண்டுவந்தார். 1946இல் டிக் ஃபார்னி பாடிய 'கோபகபானா'விலும் அந்தத் தந்திகளைக் கேட்கலாம். அமெரிக்க ஜாஸ் வாடை அடிக்கிறது என்று திட்டியவர்களும் உண்டு. நான் கேட்டவரையில் அது நியாயமில்லாத திட்டு. சம்பா என்ற பிரேசில் ஆட்டப்பாட்டின் தாளத்தை டிரம்ஸ்காரர் ஒருவர் தலையில் மட்டும் கட்டாமல் குழல் வாத்தியங்களுக்கும் கொடுங்கள் என்று யோசனை சொன்னவரே ரேடியோ டிரம்ஸ்காரர் லூசியானோ பெரோனிதான். முதலில் சொன்ன அந்தச் சாக்ஸபோன் தாளத்துக்கு வேர் அங்கே இருக்கிறது, அமெரிக்காவில் இல்லை. 1943இல் 'ஒரு மில்லியன் மெலடிகள்' நிகழ்ச்சி தொடங்கியதும் வாரா வாரம் புதுப்புது அரேஞ்ச்மென்ட் எழுத வேண்டிய வேலை. ஒலிபரப்பு முடிந்தால் அடுத்த வாரத்துக்கு மறுபடி வெள்ளைத்தாளில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்த உழைப்புக்கு நடுவேதான் கான்செர்ட்டோக்களும் எழுதினார்.

அந்தக் காலத்தில் அவரே தன் பெயரை மறைத்ததும் உண்டு. ஜனரஞ்சகப் பாட்டு வேலைக்கு மனைவி வேராவின் பெயரிலிருந்து 'வேரோ' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். கச்சேரி மேடைக்கு ஒரு பெயர், ரேடியோவுக்கு ஒரு பெயர் என்று மனுஷன் பிரிந்து நிற்க வேண்டியிருந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

அந்தக் கச்சேரி மனுஷனும் ரேடியோ மனுஷனும் ஒன்றாகிற இடம் 1956இல் அவர் எழுதிய 'ரெட்ராட்டோஸ்'. ஒரு மாண்டலின், சோரோ என்ற பிரேசில் வாத்திய இசை வாசிக்கும் குழு, வயலின் போன்ற தந்தி வாத்தியங்களின் இசைக்குழு. நான்கு பகுதிகளும் பிக்ஸிங்கின்யா, எர்னெஸ்டோ நசரே, அனாக்லெட்டோ டி மெடெய்ரோஸ், ஷிகின்யா கொன்சாகா என்ற நான்கு பிரேசில் இசை முன்னோர்களுக்கு. முதல் பகுதியில் பிக்ஸிங்கின்யாவின் 'கரின்யோசோ' பாட்டின் மெட்டு நேராக வராமல் சுற்றி வளைத்து எட்டிப் பார்க்கும், நமக்கு அது பிடிபடுகிற நொடியில் தந்திகள் அதை வாங்கிக்கொண்டு போய்விடும். இதை மாண்டலின் கலைஞர் ஜாகோப் டோ பண்டோலிமுக்காக எழுதினார். அவ்வளவு பெரிய கலைஞர், இதை வாசிப்பதற்காக உட்கார்ந்து படித்தார். ஒத்திகை வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த நான் இப்போது படிப்பு வேண்டும் என்கிறேன் என்று ரடமேஸுக்கே கடிதம் எழுதினார். 1964இல் அது ரெக்கார்டாக வந்தது. பிரேசில் இசையமைப்பாளர் டாம் ஜோபிம் இளைஞராக இருந்தபோது கைகொடுத்தவரும் இவர்தான். ஜோபிமும் பில்லி பிளாங்கோவும் எழுதிய 'ரியோ டி ஜெனிரோ சிம்பொனி'க்கு 1954இல் அரேஞ்ச்மென்ட் இவருடையது. ஜோபிம் 'என் நண்பர் ரடமேஸ்' என்றே ஒரு இசைத்துண்டு எழுதிவைத்தார்.

ரெக்கார்டு கம்பெனி தகவல் கொடுத்தால்தானே போட முடியும் என்பீர்கள். சரி, ஆனால் அட்டைப்படமும் பாடல்வரியும் கேட்டு வாங்குகிற நீங்கள் இதையும் கேட்டு வாங்கலாம். பதிவேற்றும் படிவத்தில் 'அரேஞ்சர்' என்று ஒரு கட்டத்தைக் கட்டாயமாக்குங்கள், பாட்டின் பக்கத்தில் பாடகருக்கும் இசையமைப்பாளருக்கும் அடுத்து அதைக் காட்டுங்கள், அந்தப் பெயரைத் தொட்டால் அவர் எழுதிய எல்லாமே ஒரே பட்டியலாக வரட்டும். ஞாட்டாலி 1988இல் இறந்துவிட்டார், இனி அவர் வந்து கேட்கப்போவதில்லை. பழைய பதிவுகளை எல்லாம் ஒரே நாளில் திருத்த முடியாது என்று எனக்கும் தெரியும். அந்த 1939 பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர் ஒருவர்