ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஓவர்ஹால் செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பழைய கார்க்காரர் வந்தாலே உங்களில் பலருக்கு அலுப்புத் தட்டும் என்பது தெரியும். பேரம் பேசுவோம், பாகம் சீக்கிரம் வராது, வண்டி பட்டறையில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். நியாயமான அலுப்புதான். ஆனால் எங்களுக்கும் ஒரு குறை இருக்கிறது. வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், "ஆட்டோமேட்டிக்கா? முழுசா பிரிக்கணும்" என்று சொல்லி ஒரே மொத்தத் தொகையை நீட்டுகிறீர்கள். எதற்கு எவ்வளவு என்பது அதில் இருக்காது.

அந்தக் காலக் கியர்பாக்ஸில் கம்ப்யூட்டர் இல்லை. எண்ணெய் அழுத்தமும் ஸ்பிரிங்கும் வால்வும்தான் கியரை மாற்றுகின்றன. அதனால் பிரிப்பதற்கு முன்பே நிறையக் கண்டுபிடித்துவிடலாம். ஃபோர்டு சி4, ஜிஎம் டர்போ 350, டர்போ 400 போன்றவற்றில் வெளியே ஒரு வேக்கம் மாடுலேட்டர் இருக்கும்; இன்ஜினின் வெற்றிட இழுப்பை வைத்துக் கியர் மாறுவதைச் சரிசெய்யும் பாகம் அது. அதன் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வான டயஃப்ரம் கிழிந்தால் கியர் தாமதமாக, உதைத்துக்கொண்டு விழும். இன்ஜின் அந்த வழியாகவே கியர் எண்ணெயை உறிஞ்சி வெள்ளைப் புகை விடும். தரையில் ஒரு சொட்டு ஒழுகாமல் எண்ணெய் மட்டும் குறையும். கியர்பாக்ஸ் பெட்டியை இறக்காமலே மாற்றக்கூடிய சின்னப் பாகம் அது. கிரைஸ்லர் டார்க்ஃப்ளைட் பெட்டியிலோ கார்புரேட்டரிலிருந்து வரும் த்ராட்டில் லிங்கேஜ் என்ற இணைப்புக் கம்பி சரியான அளவில் இல்லை என்றாலே ஷிஃப்ட் கெட்டுவிடும், அப்படியே ஓட்டினால் கிளட்சும் கருகும். எனவே எண்ணெய் அளவு, லிங்கேஜ், வேக்கம் குழாய், பேண்ட் (உள்ளே டிரம்மைப் பிடித்து நிறுத்தும் பட்டை) அட்ஜஸ்ட்மென்ட் எல்லாம் பார்த்து, பிரஷர் கேஜ் மாட்டி, எண்ணெய்த் தட்டைக் கழற்றி அடியில் என்ன படிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள். இந்தச் சோதனைக்குத் தனியாகக் கூலி வாங்கிக்கொள்ளுங்கள். மனதாரக் கொடுப்போம்.

சரி, பிரித்தே ஆக வேண்டும் என்றால் எஸ்டிமேட்டை உடைத்து எழுதுங்கள். கழற்றி மாட்டும் கூலி தனி. சீல், கேஸ்கெட், கிளட்ச் பிளேட், பேண்ட், புஷ் ஆகியவை எப்படியும் மாற்ற வேண்டியவை, அவை தனி. பம்ப், டிரம், கியர் செட் போன்ற இரும்புச் சாமான்களைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். அங்கே நிறுத்தி எங்களைக் கூப்பிடுங்கள். எங்களில் சிலர் வீட்டிலேயே பெட்டியை இறக்கி, வெளியே கழுவித் துடைத்துக் கொண்டுவரத் தயார். செலவில் கணிசமாகக் குறைவது அதில்தான். ஆனால் "வண்டியோடு வந்தால்தான் எடுப்போம்" என்கிறீர்கள். நாங்கள் சரியாக மாட்டாமல் விட்டு, பழியை உங்கள்மேல் போடுவோம் என்ற பயம் புரிகிறது. பெட்டிக்கு மட்டும் உத்தரவாதம், மாட்டியது எங்கள் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்களேன்.

இன்னொன்று. கார் அரிதாக இருக்கலாம், உள்ளே இருக்கும் பெட்டி அரிதாக இருக்க வேண்டியதில்லை. 1964-இல் வந்த டர்போ 400 அமெரிக்க வண்டிகளில் மட்டும் இல்லை. ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோவிலும் ஜாகுவார் எக்ஸ்ஜே12-இலும் உண்டு. போர்க் வார்னர் 35 என்ற பெட்டி எம்ஜிபியிலும் வால்வோவிலும் ரோவரிலும் இருந்தது. பானெட்டில் இருக்கும் சின்னத்தைப் பார்த்து கிளட்ச் பிளேட்டுக்கு விலை போடாதீர்கள்.

பெட்டியையே மாற்றித் தரும் யோசனைக்கும் எங்களைக் கேட்காமல் போகாதீர்கள். சீக்கிரம் முடியும், சில நேரம் மலிவும்கூட. ஆனால் வண்டியோடு பிறந்த எண் பொறித்த கேஸ் ஒரு தடவை கைமாறினால் திரும்பி வராது, வண்டியின் மதிப்பும் இறங்கும்.

அப்புறம், குறைந்த செலவு கேட்கிறோம் என்பதற்காக எதை வேண்டுமானாலும் விட்டுவிடச் சொல்லவில்லை. கருகிய கிளட்சின் தூளும் உலோகத் துகளும், இன்ஜின் விசையை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலும் ரேடியேட்டரோடு இருக்கும் கூலரிலும் போய்த் தங்கும். கன்வெர்ட்டரை அறுத்துச் சுத்தம் செய்யாமலோ மாற்றாமலோ, கூலர் குழாய்களை அலசாமலோ மாட்டினால் அந்தக் குப்பை புதுப் பெட்டிக்குள்தான் வரும். இதில் மிச்சம் பிடிக்கச் சொல்லி எங்களில் யாராவது வந்தால், வேலையை எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கும் ஒருவர்