ஓட்டப் பயிற்சிச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே தாக்கல் செய்கிறார். ஆண்டு முழுவதும் செயற்குழு அதிகம் விவாதித்தது புத்தாண்டில் ஓட வரும் புதியவர்களைப் பற்றித்தான் என்பதால், இவ்வறிக்கையும் அதைப் பற்றியதே.

ஜனவரியில் திரளாக வருகிறார்கள். பிப்ரவரி முடிவதற்குள் பலர் நின்றுவிடுகிறார்கள். நின்றவர்களிடம் பயிற்றுநர்கள் பேசியபோது, சோம்பலைவிட வலியே பெரிய காரணம் எனத் தெரிந்தது. கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பின் உள்ஓரத்தில் வலி, முழங்கால் வலி, குதிகால் வலி. மூச்சு சில வாரங்களிலேயே பழகிவிடும்; தசைநாணும் எலும்பும் உறுதிப்பட மாதக்கணக்காகும். மூச்சு இடம் கொடுக்கிறதே என்று மூன்றாவது வாரத்தில் தூரத்தைக் கூட்டுகிறவரே மாட்டிக்கொள்கிறார்.

ஆகவே தொடக்கப் பயிற்சியை மாற்றி அமைத்தோம். வாரத்துக்கு 3 நாள், அடுத்தடுத்த நாள்களில் ஓட்டம் இல்லை. முதலில் 5 நிமிடம் விறுவிறு நடை. பிறகு 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என 8 சுற்று. முடிவில் 5 நிமிடம் மெதுநடை. உடல் ஒத்துழைத்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓட்ட நேரத்தைக் கூட்டலாம். 30 நிமிடம் நிற்காமல் ஓட 10 முதல் 12 வாரம் பிடிக்கும். கூடுதலாக ஆனாலும் தவறில்லை. வேகத்துக்கு அளவு ஒன்றுதான்: ஓடியபடியே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பேச்சு துண்டுதுண்டாக வந்தால் வேகம் அதிகம். ஒரு வாரம் விடுபட்டால் முந்தைய வாரப் பயிற்சிக்குத் திரும்ப வேண்டும். விட்ட நாள்களைச் சேர்த்து ஓடி ஈடுகட்டுவது காயத்தில்தான் முடியும்.

புதியவர்களின் காலணிகளைச் சோதித்துப் பார்த்தது நல்ல பயன் தந்தது. பெரும்பாலோர் அடிப்பாகத் தேய்மானத்தை மட்டுமே பார்க்கிறார்கள். முதலில் சாவது பாதத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவிலுள்ள நுரை. பக்கவாட்டில் சுருக்கக் கோடுகள் விழுந்து, கட்டைவிரலால் அழுத்தினால் கல்போல் நின்றால் அந்தக் காலணி முடிந்தது. பொதுவாக 500 முதல் 800 கி.மீ. வரை தாங்கும். புதிது வாங்கும்போது பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையில் போட்டுப் பார்க்கவும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். அந்த இடம் இல்லாதபோதும், கயிறு தளர்ந்து பாதம் முன்னே சறுக்கும்போதும்தான் நகம் கறுக்கிறது.

சேர்க்கைப் படிவத்தில் ‘இலக்கு’ என்ற இடத்தில் பலர் எடைக் குறைப்பையே எழுதுகிறார்கள். 70 கிலோ எடையுள்ளவர் 1 கி.மீ. ஓடினால் செலவாவது ஏறத்தாழ 70 கிலோ கலோரி. 3 கி.மீ. ஓடினாலும் 210தான். உணவு மாறாமல் எடைப்பொறி முள் சட்டென்று இறங்காது. அதை மட்டும் நம்பி வந்தவர் ஒரே மாதத்தில் மனம் சோர்கிறார். எனவே வரும் ஆண்டுப் படிவத்தில் ‘வாரத்துக்கு எத்தனை நாள், எந்த நேரம்’ என்று கேட்க முடிவு செய்துள்ளோம். அது ஓடுபவரின் கையில் இருக்கும் இலக்கு.

இதய நோய், உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரின் ஆலோசனை பெற்ற பிறகே சேர்க்கப்படுவார்கள். எலும்பில் ஒரே புள்ளியில் அழுத்தினால் சுரீரென வலித்தால் அது எலும்பு விரிசலாக இருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரை மாரத்தான் (சுமார் 21 கி.மீ. ஓட்டம்) பயிற்சியில், 10 கி.மீ. தூரத்தைச் சிரமமின்றி ஓடுபவர்களே இனி அனுமதிக்கப்படுவார்கள். ஆர்வத்தோடு வருபவரைக் காத்திருக்கச் சொல்வது வருத்தம்தான், இருந்தாலும் அவசியம்.

பின்தங்கும் புதியவர் கூட்டத்தை எட்டிப் பிடிக்கவே வேகமெடுக்கிறார். அதைத் தவிர்க்க ஒவ்வொரு குழுவிலும் கடைசி ஆளுடன் ஓட ஒரு மூத்த உறுப்பினர் தேவை. முன்வருபவர்கள் கூட்டம் முடிந்ததும் பயிற்றுநரிடம் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தர வேண்டுகிறேன்.

செயலாளர்