சங்கப் பதிவேடுகளைக் காத்துத் தந்தவர்களுக்கு நன்றி

தோழர்களுக்கும் ராயபுரத்து அண்டைவீட்டாருக்கும் வணக்கம்.

சங்க அறைக்குள் மழைநீர் புகுந்த இரவை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி சுமந்தவர்களின் வரலாற்றை எழுதுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த சந்தாப் பதிவேடுகள் பெரும்பாலும் தப்பிவிட்டன என்பதைத் தெரிவிக்கவே இம்மடல்.

தெருமுனையில் தள்ளுவண்டியில் துணி தேய்க்கும் தம்பிக்குத்தான் முதல் நன்றி. ஊறிப் பருத்த பதிவேட்டை வெயிலில் விரிக்கப்போன என்னைத் தடுத்து, "சுருண்டு நொறுங்கிடும்ணே, என்கிட்ட குடுங்க" என்று வாங்கிக்கொண்டார். நான்கு இரவுகள், அன்றைய துணிகளை முடித்த பிறகு, பெட்டிக்குள் கரி தணிந்து சாம்பல் பூத்த சூட்டில், தாளின் மேலும் கீழும் பழைய வேட்டித் துணியை விரித்து, ஒவ்வொரு தாளாக ஒற்றி எடுத்தார். மூன்றாம் இரவில் ஒரு பக்கத்தில் அவர் கை நின்றது. பேனா மையில் எழுதிய பெயர்கள் நீலத் தேமலாகக் கரைந்திருக்க, அவற்றுக்கு நேரே வைத்த பெருவிரல் ரேகைகள் மட்டும் கருப்பாக அப்படியே இருந்தன. "இது மையாண்ணே, கரியா?" என்றார். அந்தப் பதிவேட்டை எத்தனையோ ஆண்டுகளாகப் புரட்டி வரும் எனக்கு அக்கேள்வி ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

மேஸ்திரி கைகாட்டினால்தான் அன்றைக்குக் கூலி என்றிருந்த காலத்தைக் கண்டவர்கள் வைத்த ரேகைகள் அவை. துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் 1948-இல் வந்தும் அதன்படி சென்னைக்கான திட்டம் சில ஆண்டுகள் கழித்தே வந்தது. பெயர் பதிந்தவருக்கு, வேலை கிடைக்காத நாளிலும் வந்து நின்றதற்காக ஒரு தொகை, அதாவது வருகைப் படி, என்பது அத்தகைய திட்டங்கள் தந்த உரிமை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பஞ்சாலைத் தொழிலாளர்களோடு துறைமுகத் தொழிலாளர்களுக்கும் தலைமை தாங்கிய எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளையை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். சந்தா கட்டியவர்களின் பெயர்களோ தண்ணீரோடு போகப் பார்த்தன. 2011-இல் உயர் நீதிமன்ற ஆணையால் நிலக்கரி எண்ணூருக்கு மாறியபோது, கொடியில் காயும் துணியில் இனிக் கரி படியாது என்று இத்தெரு மகிழ்ந்தது நியாயமே. அந்தக் கரியோடு எங்கள் சங்கக் கதையும் இங்கிருந்து போய்விட்டதோ என்று நான் அப்போது வருந்தியதும் உண்மை.

அலமாரிகளைத் தூக்கிய கல்லூரி மாணவர்கள், மின்விசிறிகளை இரவல் தந்த வீட்டார், காசு வாங்காமல் தேநீர் அனுப்பிய கடைக்காரர், அழிந்த பெயர்களை நினைவிலிருந்து மீட்டுச் சொல்லிவரும் ஓய்வுபெற்ற தோழர்கள் அனைவருக்கும் நன்றி. அந்த ரேகைப் பக்கங்களை, கறை உட்பட, அப்படியே படமெடுத்து நூலில் அச்சிடுவதென்று முடிவு செய்திருக்கிறோம்.

கடைசிப் பத்துத் தாள்கள் இன்னும் வண்டியில்தான் இருக்கின்றன. கல்யாணத் துணிகள் குவிந்திருப்பதால் வெள்ளிக்கிழமை வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறார்.