நின்றால் அழகு, உட்கார்ந்தால் கிழிசல்

ரங்கூனில் புதுப்புது உடுப்பு வரைகிற தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். தாம்வேயில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். மிஷின் மிதிக்கத் தொடங்கி முப்பது வருடம் ஆகிறது. உங்கள் மேடைக் காட்சிகளை போனில் விடாமல் பார்ப்பேன். நிறம் சேர்ப்பதில் உங்களிடம் நான் கற்றுக்கொண்டதும் உண்டு. ஆனால் இன்று குறை சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் பக்கத்துத் தெருப் பெண் ஒரு கவுனை பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்து வந்தாள். உங்களில் ஒருவர் வடிவமைத்தது, பெயர் வேண்டாம். அண்ணன் கல்யாணத்துக்கு வாங்கியதாம். கோயில் தரையில் உட்கார்ந்ததும் பின்பக்கத் தையல் விட்டுவிட்டது. அட்சதை போடக் கையைத் தூக்கினாள், அக்குளும் போயிற்று.

கவுனை உள்புறம் திருப்பிப் பார்த்தேன். தோளில் கம்பி, பசையில் ஒட்டிய கல், முதுகில் பதினான்கு கொக்கி. தையலுக்கு உள்ளே விட்டிருந்த துணியோ கால் அங்குலம். பிரித்துத் தளர்த்த இடமே இல்லை. கைக்குழி தாழ்ந்து, கையும் ஒட்டப் பிடித்திருந்தால் தூக்குகிற கை உடுப்பையும் சேர்த்து இழுக்கும். அக்குளில் சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைத்தேன். ஒத்த நிறம் கிடைக்காமல் கறுப்பு வைத்தேன். "நாம கட்டுற தமேன் கைலிக்கு இடுப்பில் வைக்கிற கறுப்புப் பட்டி மாதிரி இருக்கு அக்கா" என்று சிரித்தாள். நல்ல பிள்ளை.

நீங்கள் ஆளை நிற்க வைத்து மட்டும்தான் அளவெடுக்கிறீர்கள் என்று அந்தக் கவுனே சொல்லிவிட்டது. உட்கார வைத்து இடுப்பை ஒருமுறை அளந்து பாருங்கள். டேப் எவ்வளவு தள்ளிப் போகிறது என்று தெரியும்.

ஆடம்பரம் கூடாது என்று நான் சொல்லவில்லை. அமரபுரத்தில் நெய்கிற லோன்தயா அச்செய் பட்டு இருக்கிறதே, அதன் பெயருக்கே நூறு நாடா, அதாவது தறியில் நூலை இழுத்து ஓடுகிற நாடா, என்றுதான் பொருள். அலை அலையான அந்தக் கோலத்துக்கு அத்தனை நாடா ஓட வேண்டும். விலை கேட்டால் மயக்கம் வரும். ஆனால் உடுத்தினால் அதுவும் மூட்டிய துணிதான்: சம்மணம் போடலாம், பஸ் ஏறலாம்.

அந்தக் காலத்தில் ஆண்கள் இடுப்பில் சுற்றிய பசோ ஒன்பது மீட்டர் வரை நீளும். வெள்ளைக்காரன் ஆட்சியில் ஜனங்கள் அதை மெல்ல விட்டுவிட்டு, சுமார் இரண்டு மீட்டர் துணியை மூட்டிய லோன்ஜிக்கு மாறினார்கள். நம் கைலிக்கு உடன்பிறப்பு. பக்கத்தில் இருக்கை வைத்த சைக்கிள் ரிக்ஷாவான சைக்காவை ஓட்டுகிறவர் அதைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு மிதிக்கிறார். பிரம்புப் பந்தைக் காலால் தட்டி சின்லோன் ஆடுகிற பையன்களும் அப்படித்தான். முதுகுப் பக்கம் இடுப்பில் போனைச் செருகினால் அதுவே பாக்கெட். இப்படி ஒரு வடிவத்தை உங்களில் யாராவது வரைந்திருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன்.

வெளிநாட்டு உதாரணம்தான் வேண்டுமா? சரி. அமெரிக்காவில் கிளேர் மெக்கார்டெல் என்ற அம்மா 1942-ல் வீட்டு வேலைக்கென்றே சுற்றிக் கட்டுகிற கவுன் ஒன்றை வடிவமைத்தார். பெரிய பாக்கெட், கூடவே சூடான சட்டியைப் பிடிக்க ஒரு கையுறை. விலை 6.95 டாலர். நன்றாக விற்றது. அவரைப் பெரிய டிசைனர் இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

அப்புறம் இஸ்திரி. கரண்ட் வருகிற நேரத்தில் சோறாக்குவதா, தண்ணீர் ஏற்றுவதா என்று ஓடுகிற ஊர் இது. உங்கள் நாற்பது மடிப்புக்கு யார் பெட்டி போடுவது?

அடுத்த காட்சிக்கு முன்னால் ஒரு நாள் கடைக்கு வாருங்கள். கைக்குழி வெட்டுவதைக் காட்டித் தருகிறேன். நீங்கள் வரைந்ததை நீங்களே உடுத்திக்கொண்டு வர வேண்டும். வாசலில் சைக்கா நிற்கும். ஏறி உட்கார்ந்து சந்தை வரை போய், மீன் வாங்கிக்கொண்டு திரும்புங்கள். சைக்காக் கூலி என்னுடையது.

இப்படிக்கு,
தாம்வே தையல்காரி